கேட்டுக்கு வெளியே நின்ற பிளைமவுத்

போன தை மாதம் என் அண்ணன் மகன் ஒரு காரியம் செய்தான். அபிராமத்தில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிற 1955 மாடல் பிளைமவுத்தைக் கழுவித் துடைத்து, புது பேட்டரி போட்டு, பழைய கார் கண்காட்சி ஒன்றுக்கு ஓட்டிக்கொண்டு போனான். முன் சீட்டில் நானும் இருந்தேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். அவர்கள் மட்டும் செய்கிற தப்பாக இருந்தால் பெயர் சொல்லித் திட்டியிருப்பேன்.

கேட்டில் ஒரு தம்பி கையில் அட்டையோடு நின்றார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பானெட்டைத் திறங்க சார்" என்றார். திறந்ததும் மலர்ந்த முகம் சுருங்கிவிட்டது.

"ஒரிஜினல் எஞ்சின் இல்லையே சார். டீசல்ல போட்டிருக்கீங்க?"

"ஆமா தம்பி, எழுபத்தஞ்சுல மாத்துனது" என்றேன்.

"மாடிஃபைடு வண்டிய உள்ள எடுக்கக் கூடாது சார். பார்க்கிங்ல விட்டுட்டு நீங்க வந்து பாருங்க. உங்களுக்கு டிக்கெட் வேணாம்."

மரியாதையாகத்தான் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் பிளைமவுத் அன்று பகல் முழுக்க மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே வெயிலில் கிடந்தது. உள்ளே பரிசு வாங்கிய வண்டிகளில் பாதி, லாரியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவை. நாங்கள் நூறு மைலுக்கு மேல் சொந்தமாக ஓடி வந்திருந்தோம்.

உள்ளே போய்ப் பார்த்தேன். நல்ல வண்டிகள், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை. கம்பெனி பெயர், வருடம், எந்த ஜமீன் அல்லது எந்த மகாராஜா வாங்கியது, இப்போது யாரிடம் இருக்கிறது. எந்த அட்டையிலும் ஒரு மேஸ்திரியின் பெயர் இல்லை. எழுபது வருடம் ஒரு மோட்டார் வண்டி இந்தத் தேசத்தில் உயிரோடு இருந்தால் அதற்கு யாரோ ஒருவன் கையில் கிரீஸோடு படுத்துக் கிடந்திருக்க வேண்டும். அவன் எங்கே போனான்?

இருபது வருடத்துக்கு முன்பு நிலைமை இவ்வளவு மோசமில்லை. மகன் சென்னையில் இருப்பதால் அப்போதிருந்தே இந்தக் கண்காட்சிகளுக்குப் போய்வருகிறேன். ஓரத்தில் இரண்டு மூன்று வண்டிகளாவது நிற்கும். பின்பக்கத்தை வெட்டி வேனாக்கிய ஒரு ஷெவர்லே, மெட்டடார் எஞ்சின் போட்ட அம்பாசடர், மிலிட்டரி ஏலத்தில் எடுத்துத் தகரக் கூரை அடித்த ஜீப் என்று ஏதாவது ஒன்று. பரிசு கிடைக்காது. ஆனாலும் கூட்டம் அங்கேதான் அதிகம், ஏனென்றால் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மாதிரி வண்டியில்தான் தாங்களே ஏறியிருப்பார்கள். வருடத்துக்கு வருடம் அவை குறைந்தன. கடைசி நான்கைந்து முறை நான் போனபோது ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டிக்கு ஒரு பெயரே உண்டு, ஹாட் ராட். 1930களில் கலிபோர்னியாப் பையன்கள் பழைய போர்டு கார்களை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, எஞ்சினைக் கிளறி, தண்ணீர் வற்றிய ஏரிப் படுகைகளில் (நம் பங்குனிக் கண்மாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) பந்தயம் ஓட்டினார்கள். 1932-ல் போர்டு வி-8 எஞ்சின் வந்த பிறகு பிடிக்க முடியவில்லை. 1948-ல் ஹாட் ராட் என்றே ஒரு பத்திரிகை தொடங்கிவிட்டார்கள். பணக்காரர்கள் கொஞ்ச காலம் மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பெபிள் பீச் என்ற இடத்தில் நடக்கிற, உலகத்திலேயே ஆக ஆடம்பரமான பழைய கார் கண்காட்சி, 1997-ல் பழைய ஹாட் ராட் வண்டிகளுக்கு என்று தனி வரிசையே ஒதுக்கியது. ரோல்ஸ் ராய்ஸுக்குப் பக்கத்துப் புல்வெளியில், ஷெட்டில் பையன்கள் வெட்டி ஒட்டிய போர்டு! அவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். நாம்தான் இன்னும் கேட்டில் நின்று பானெட்டைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பையன்கள் வேகத்துக்காக மாற்றினார்கள். நம் ஊரில் மாற்றியதற்குக் காரணம் வேறு. அதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா அந்த பிளைமவுத்தை 1966-ல் மதுரையில் பழைய வண்டியாக வாங்கினார். பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி அமெரிக்காவிலிருந்து பாகங்களை வரவழைத்துப் பூட்டிக் கொடுத்த வண்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே கை கியர். முன்னால் ஒரு நீள சீட், பின்னால் ஒரு நீள சீட். ஆறு பேருக்குச் செய்தது. கல்யாண முகூர்த்தம் என்றால் பன்னிரண்டு பேர் ஏறுவார்கள், டிக்கியில் சீர்வரிசைச் சாமான் தனி. ஊரில் அதற்குப் 'பிளசர்' என்றுதான் பெயர். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடி, பார்த்திபனூர் என்று எங்கே போனாலும் "பிளசர் வந்திருச்சு" என்று பிள்ளைகள் புழுதியில் பின்னாலேயே ஓடிவரும். ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சை, உத்தரகோசமங்கைக்கு ஆருத்ரா தரிசனம், ராமேஸ்வரத்துக்குத் திதி. ராமேஸ்வரம் என்றால் மண்டபம் வரைதான், அங்கே இறக்கிவிட்டு ரயிலேற்றிவிடுவோம். பாம்பனில் ரோட்டுப் பாலம் 1988 அக்டோபரில்தானே திறந்தார்கள்.

1973 கடைசியில் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கின. பெட்ரோல் விலை ஏறிய ஏற்றத்தில் அப்பா வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டார். அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. அதற்குத் தீனி போட்டால் வீட்டில் அடுப்பெரியாது. காயலான் கடைக்காரர் இரண்டு முறை வந்து எடைக்குக் கேட்டுவிட்டுப் போனார்.

மேஸ்திரி ஒருவர்தான் அதைக் காப்பாற்றினார். கமுதி ரோட்டில் ஓலைக் கொட்டகைதான் அவர் பட்டறை. எட்டாவது வரை படித்தவர். "அண்ணே, டீசல் எஞ்சினை எறக்கிருவோம்" என்று அப்பாவிடம் சொன்னார். ஓட்டம் நின்ற லாரி ஒன்றிலிருந்து கழற்றிய பெர்கின்ஸ் எஞ்சின் மதுரையில் கிடைத்தது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின் செய்துகொண்டிருந்ததால் அதற்குச் சாமான் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

வாங்குவது எளிது. பூட்டுவதுதான் வேலை. லாரி எஞ்சினின் பின்முகம் வேறு, கார் கியர் பாக்ஸின் முன்முகம் வேறு. ஒன்றின் துளை மற்றதில் பொருந்தாது. நடுவே ஓர் இரும்புத் தட்டு வைத்து, ஒரு பக்கம் எஞ்சினுக்கும் மறுபக்கம் கியர் பாக்ஸுக்கும் துளை போட வேண்டும். இரண்டின் மையமும் தலைமுடி அளவு விலகினாலும் கியர் ஷாப்ட் ஒரு மாதத்தில் போய்விடும். மேஸ்திரி தட்டை லேத் பட்டறைக்கு மூன்று முறை எடுத்துப் போனார். சேஸின் குறுக்குச் சட்டத்தை வெட்டி, எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி இடிக்காதபடி தாழ்த்தி வெல்டிங் வைத்தார். டீசல் எஞ்சின் கனம் என்பதால் முன் ஸ்பிரிங்குகளுக்கு அடை கொடுத்து உயர்த்தினார். ஆறு வோல்ட் வயரிங் முழுவதையும் உருவிப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார். லாரி ரேடியேட்டரை பானெட்டுக்குள் அடக்க அவர் பட்ட பாடு தனிக் கதை. நான் அப்போது வேலை கிடைக்காமல் ஊரில் சுற்றிக்கொண்டிருந்தவன். நாற்பத்தோரு நாள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்திருந்த மெக்கானிக் வேலை அந்த நாற்பத்தோரு நாளில் கற்றதுதான்.

எந்த வரைபடமும் கிடையாது. தரையில் சாக்பீஸால் கோடு போடுவார், யோசிப்பார், காலால் அழிப்பார்.

அதற்குப் பிறகு அந்த வண்டி இருபது வருடத்துக்கு மேல் சம்பாதித்தது. என் தங்கைக்குத் தலைப்பிரசவத்தில் சிக்கலாகி, ராத்திரி பதினொரு மணிக்கு மதுரைக்கு அவளைக் கொண்டுபோனது அந்த எஞ்சின்தான். பெட்ரோல் வண்டியாகவே இருந்திருந்தால் அது எப்போதோ எடைக்குப் போயிருக்கும். அன்றைக்கு அபிராமத்தில் அந்த நேரத்தில் கூப்பிட வேறு வண்டி இல்லை. அன்று பிறந்த பையன் இப்போது துபாயில் இருக்கிறான்.

இந்த வண்டியை "ஒரிஜினல் இல்லை" என்கிறார்கள். பம்பாயில் பூட்டி முடித்த அன்றைக்கு இருந்த நிலைமைதான் ஒரிஜினலாம். அதற்குப் பிந்திய எழுபது வருடம் கணக்கில் இல்லையாம்.

எங்கள் வண்டி ஒன்றும் அபூர்வமானதல்ல. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது தமிழ்நாடு முழுக்கக் கரி வண்டிகள் ஓடின. பஸ்ஸுக்குப் பின்னால் ஓர் உருளை அடுப்பு, அதில் கரியைப் போட்டுக் காற்றுச் சக்கரம் சுற்றினால் வருகிற வாயுவில் எஞ்சின் ஓடும். மதுரை டி.வி.எஸ். கம்பெனியே அந்த கேஸ் பிளான்ட்டைச் செய்து விற்றது. ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ளிய கதையை நம் அப்பா அம்மா எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நம் பக்கத்தில் இன்றும் கருவேலத்தை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். கரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் போன கண்காட்சி எதிலும் ஒரு கரி வண்டி நின்று பார்த்ததில்லை. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த மிலிட்டரி லாரிகளுக்கு மரச் சட்டம் அடித்து பஸ் ஆக்கினார்கள். அவற்றில் ஒன்றாவது மிச்சமிருக்கிறதா? மெட்டடார் எஞ்சின் போட்ட அம்பாசடர்கள் எண்பதுகளில் எத்தனை ஓடின! டாக்ஸி ஸ்டாண்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே சத்தத்தில் தெரியும். சென்னையில் மீன்பாடி வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் கட்டி ஓட்டினார்களே, அதைவிட அசல் ஹாட் ராட் உலகத்தில் உண்டா?

இவை ஏன் காணாமல் போகின்றன? வயதாகிவிட்டது, துருப்பிடித்துவிட்டது என்றால் ஜமீன் வண்டிகளுக்கும்தான் வயதாகிறது. காரணம் வேறு. கண்காட்சியில் மார்க் போடுவது ஒரிஜினலுக்கு. ஆகவே பணம் உள்ளவர்கள் இப்படி மாற்றிய வண்டிகளைத் தேடி வாங்கி, மேஸ்திரி செய்ததையெல்லாம் பிய்த்தெறிந்து, வெளிநாட்டிலிருந்து எஞ்சினும் விளக்கும் வரவழைத்து, தொழிற்சாலையிலிருந்து வந்த மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். அதற்குப் புதுப்பிப்பு என்று பெயர். மேஸ்திரியின் அடாப்டர் தட்டு காயலான் கடைத் தராசில் ஏறுகிறது. பழைய கோயிலில் கல் தூணுக்கு வார்னிஷ் அடித்தால் பத்திரிகையில் எழுதுகிறோம். இதற்கு மட்டும் கோப்பை கொடுக்கிறோம்.

சட்டமும் அந்தப் பக்கம்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால மோட்டார் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து வருடம் செல்லும், பிறகு 5,000 கட்டிப் புதுப்பிக்கலாம். ஆனால் நிபந்தனை என்ன தெரியுமா? வண்டி முதலில் இருந்த உருவத்திலேயே இருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. 1975-ல் நாங்கள் திருட்டுத்தனமாக எஞ்சினை மாற்றவில்லை. மனுப் போட்டு, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஆர்.சி. புத்தகத்தில் பெட்ரோல் என்பதை அடித்து டீசல் என்று எழுதி, புது எஞ்சின் நம்பரைப் பதிந்து, முத்திரை வாங்கினோம். அந்தப் புத்தகம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஒரு காலத்து சர்க்கார் முத்திரை குத்தி அனுமதித்த வண்டியை, இன்னொரு காலத்து சர்க்கார் பழைய வண்டி என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. பழைய வண்டி இல்லை என்றால் அது என்ன? வயதான சாதாரண வண்டி. 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கினார்களே, அந்த மாதிரி வயதான கார்களின் கணக்கில் சேரும். இல்லையென்றால் உடைக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

மாற்றிய வண்டி ஆபத்து என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் சாக்கு அல்ல. முப்பத்து நான்கு வருடம் டிப்போவில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பார்த்தவன் நான். எஞ்சினை மாற்றிவிட்டு பிரேக்கை அப்படியே விட்டவர்களை எனக்குத் தெரியும். வெல்டிங் விட்டு நடு ரோட்டில் சேஸ் பிளந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் சொன்ன தீர்ப்பு இன்றைக்கு ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு முழுக்கச் சரி. இப்போது பையன்கள் சைலன்சரை அறுத்துவிட்டு ஊரை எழுப்பிக்கொண்டு போகிறார்களே, அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் செய்த மாற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். கண்காட்சி மைதானத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிற வண்டி யார் மேல் மோதப் போகிறது?

விதிவிலக்குக் கொடுத்தால் நேற்று ஷெட்டில் செய்ததையெல்லாம் பழசு என்று கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். ஆர்.சி. புத்தகம் எதற்கு இருக்கிறது? மாற்றிய தேதி அதில் இருக்கிறது. பழைய கார் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஃபீவா என்று ஒன்று உண்டு. கம்பெனி செய்தபடியே இருப்பது ஒரு வகை, அந்தக் காலத்திலேயே மாற்றப்பட்டது இன்னொரு வகை என்று அவர்களே பிரித்து வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுச் சங்கத்தின் மற்ற விதியையெல்லாம் ஒப்பிக்கிற நம் ஆட்கள் இந்த ஒரு பக்கத்தை மட்டும் புரட்டாமல் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வரிசை. ஐந்து வண்டி நிற்கிற இடம். பரிசு வேண்டாம். அட்டையில் கம்பெனி பெயருக்குக் கீழே மாற்றிய மேஸ்திரி பெயர், ஊர், வருடம். முடிந்தால் பானெட்டைத் திறந்து வைத்து, பக்கத்தில் அந்தக் காலத்து மெக்கானிக் யாராவது ஒருவருக்கு ஒரு நாற்காலி. எண்பது வயதுக்கு மேல் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பரமக்குடியில் ஒருவரை எனக்கே தெரியும், கண் தெரியாது, சத்தத்தை வைத்து எந்த சிலிண்டர் இழுக்கவில்லை என்று சொல்லிவிடுவார்.

அன்று பார்க்கிங்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எங்கள் வண்டியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். எல்லாம் நம் வயது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் துண்டை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தே விட்டார். திருப்பூர்ப் பக்கமாம், லாரிப் பட்டறை வைத்திருந்தவராம். "யாருங்க இந்தத் தட்டு அடிச்சது? மையம் அப்படியே நிக்குதே!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சொன்னேன். மேஸ்திரி காலமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் படுத்தே கிடந்தார். பிறகு எழுந்து, தட்டின் ஓரத்தில் உளியால் ஏதோ கொத்தியிருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஐம்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. செல்போன் வெளிச்சத்தில் அண்ணன் மகன் குனிந்து படித்தான். ஒரு தேதி, 12-9-75. பக்கத்தில் மேஸ்திரியின் தலைப்பெழுத்து.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டுப் போனார். வண்டிக்கு நல்ல விலை சொல்கிறார். பிளைமவுத்தின் ஒரிஜினல் பெட்ரோல் எஞ்சின் அவரிடம் ஒன்று தயாராக இருக்கிறதாம், அதை இறக்கிவிட்டால் அடுத்த வருடம் கண்காட்சியில் முன் வரிசையில் நிற்குமாம். பெர்கின்ஸையும் தட்டையும் நாங்களே எடுத்துக்கொள்ளலாமாம். எங்கே வைத்துக்கொள்வது?

அண்ணன் மகனுக்கு மகள் கல்யாணம் நெருங்குகிறது. பணம் தேவைதான். "நீங்க சொல்றபடி செய்யிறேன் சித்தப்பா" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டான். ஆவணிக்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நான் இன்னும் சொல்லவில்லை.